பூசை இலத்தீனில், செபம் தமிழில்: தமிழ்க் கத்தோலிக்கப் பங்குகளில் செபங்களின் வரலாறு

தமிழகத்துக் கத்தோலிக்கக் கோவில்களில் 1960-களின் நடுப்பகுதி வரை ஒரே வேளையில் இரண்டு மொழிகள் ஒலித்துக்கொண்டிருந்தன. மக்கள் நோக்கும் திசையையே தாமும் நோக்கி நின்ற குருவானவர் பீடத்தில் தாழ்ந்த குரலில் இலத்தீன் மொழியில் பூசை நிறைவேற்ற, ஆண்கள் ஒருபுறமும் பெண்கள் மறுபுறமுமாகத் தரையில் அமர்ந்திருந்த மக்கள், ஊரில் சமயம் கற்பிக்கும் பொறுப்பிலிருந்த உபதேசியார் எடுத்துக்கொடுக்கத் தமிழில் செபமாலையோ பூசைக்குரிய செபங்களோ உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்பமும் இரசமும் உயர்த்தப்படும் எழுந்தேற்ற வேளையில் பீடச் சிறுவனின் மணி ஒலித்ததும் தமிழ் அடங்கியது. அந்த மௌனம் முடிந்ததும் மீண்டும் எழுந்தது. பூசை என்பது உலகத் திருச்சபை முழுவதற்கும் பொதுவாக உரோமையில் வகுக்கப்பட்ட வழிபாடு. செபம் என்பது பங்கின், அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பில் விடப்பட்ட ஊர்த்தொகுதியின், சொந்த வாய்மொழி. தமிழ்க் கத்தோலிக்கத்தின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் மறைப்பணியாளர்களையும் திருமுழுக்குகளையும் கோவில் கட்டடங்களையும் பற்றியே எழுதியிருக்கிறார்கள். நானூறு ஆண்டுகளாக இச்சமயம் எந்த இடத்தில் தமிழாக இருந்தது என்று கேட்டால், செபம் சொல்லப்பட்ட அந்தத் தரையில் என்றே விடை கூற வேண்டியிருக்கிறது.

இந்த வாய்மொழியின் தொடக்கம் முத்துக்குளித்துறையில் இருக்கிறது. தூத்துக்குடியைச் சூழ்ந்த கடற்கரை ஊர்களில் வாழ்ந்த பரதவர் 1535 முதல் 1537 வரையான ஆண்டுகளில் திருமுழுக்குப் பெற்றிருந்தபோதிலும், அவர்களுக்குச் செபம் கற்பிக்க அவர்கள் மொழி அறிந்தவர் எவரும் வரவில்லை. 1542-இன் இறுதியில் அக்கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், தமிழும் போர்த்துக்கீசியமும் ஓரளவு தெரிந்தவர்களைத் தேடிக் கூட்டி, சிலுவை அடையாளம், விசுவாச அறிக்கை, பத்துக் கட்டளைகள், கிறிஸ்து கற்பித்த செபம், மரியாளை வாழ்த்தும் செபம், பாவ அறிக்கை ஆகியவற்றைப் பெருமுயற்சியோடு தமிழாக்கி, அவற்றைத் தாமே மனப்பாடம் செய்துகொண்டார். கையில் மணியோடு தெருத்தெருவாகச் சென்று சிறுவர்களையும் பெரியவர்களையும் நாள்தோறும் இருமுறை கூட்டிச் சொல்லிக்கொடுத்ததையும், சிறுவர்கள் தாம் கற்றதைத் தாய் தந்தையருக்கும் அண்டை வீட்டாருக்கும் கற்பிக்கும்படி ஏவியதையும், நோயுற்றோர் வீடுகளுக்குத் தமக்குப் பதிலாக அச்சிறுவர்களையே செபம் சொல்ல அனுப்பியதையும் அவர் 1544 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய மடலில் விரிவாகக் கூறுகிறார். தமிழகத்தின் முதல் செப ஆசிரியர்களில் பெரும்பகுதியினர் இவ்வாறு சிறுவர்களாக இருந்தார்கள் என்பது பிற்கால வரலாற்றில் மறக்கப்பட்டுவிட்டது.

அந்த முதல் மொழிபெயர்ப்பு பிழைகள் மலிந்தது என்பதைச் சவேரியாரே விரைவில் உணர்ந்தார். தம் உடன்பணியாளர் பிரான்சிஸ் மான்சில்லாசுக்கு 1544-இல் எழுதிய மடல் ஒன்றில், விசுவாச அறிக்கையின் தொடக்கத்தில் ‘வேணும்’ என்று சொல்லப்பட்டு வந்ததை விடுத்து ‘விசுவசிக்கிறேன்’ என்று பொருள்படும் சொல்லை ஆளுமாறு அவர் பணிக்கிறார். ‘வேணும்’ என்பது விருப்பத்தைக் குறிப்பதே அன்றி நம்பிக்கையைக் குறிப்பதன்று என்பது அவர் தரும் காரணம். கிறிஸ்து பாடுபட்டதைக் கூறுமிடத்திலும், வலுக்கட்டாயத்தால் பாடுபட்டார் என்று பொருள் தரக்கூடிய சொல்லை நீக்கச் சொல்கிறார், ஏனெனில் அவர் மனமுவந்து பாடுபட்டவர். சிறிது காலமாவது கடற்கரை மக்கள் தங்களுக்குக் கடவுள் ‘வேண்டும்’ என்று சொல்லிச் செபித்திருக்கிறார்கள். இறையியல் நோக்கில் அது பிழைதான். ஆயினும் கோடையில் நீரும் கடலில் பாதுகாப்பும் வேண்டி வாழ்ந்த ஒரு சமூகம் தன் முதல் செபத்தை இந்தச் சொல்லில் தொடங்கியதைப் பிழை என்று மட்டும் கடந்துபோக இயலவில்லை. பிற்காலத்து நேர்ச்சைகளிலும், ஒன்பது முறை தொடர்ந்து செபிக்கும் நவநாள்களிலும் அதே ‘வேண்டும்’ தொடர்ந்து ஒலிப்பதைக் காண முடிகிறது.

சவேரியார் ஓர் ஊரில் நிலையாகத் தங்கியவர் அல்லர். எழுத அறிந்தோர் செபங்களை ஓலையில் படியெடுத்துக்கொள்ளச் செய்து, ஒவ்வோர் ஊரிலும் கணக்கப்பிள்ளை என்று அழைக்கப்பட்ட ஒருவரைச் செபம் நடத்தும் பொறுப்பில் அமர்த்தி, அடுத்த ஊருக்குச் சென்றார். ஊர்க்கணக்கு எழுதியவரைக் குறித்த இச்சொல், எழுத்தறிவுடைய ஒருவரே செபத்தின் காவலராக இருக்க முடியும் என்ற அக்கால நிலையைக் காட்டுகிறது. இவர்களுக்கான ஊதியத்திற்கு ஆண்டுதோறும் 4,000 பணம் ஒதுக்கப்பட்டது; அது போர்த்துக்கல் அரசி காதரீனாவின் பாதணிச் செலவுக்கென முத்துக்குளிப்பு வருவாயிலிருந்து சென்றுகொண்டிருந்த தொகை. முத்தெடுத்தவர்களின் உழைப்பால் விளைந்த பணம் அவர்களுக்குச் செபம் கற்பிக்கத் திரும்பி வந்தது என்றும் இதைக் கொள்ளலாம்.

தமிழ் அச்சின் வரலாறு இச்செபங்களின் வரலாறாகவே தொடங்குகிறது. 1554-இல் லிஸ்பன் நகரில், அங்கிருந்த இந்தியர் மூவரின் உழைப்பால், தமிழ்ச் செபங்கள் இலத்தீன் எழுத்துகளில் போர்த்துக்கீசிய விளக்கத்தோடு ‘கார்த்தில்யா’ என்ற சிறு நூலாக அச்சேறின. சவேரியாருக்குப் பின் கடற்கரைப் பணியை ஏற்று, தமிழை முறையாகக் கற்று அதற்கு இலக்கணமும் எழுதிய அண்டிரிக் அடிகளார் என்ற என்றிக்கே என்றீக்கசு, செபங்களைத் திருத்தி அமைத்தார். அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் தமிழ் எழுத்துகளில் அச்சாகி வெளிவந்தது. இந்தியாவில் இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் அச்சான முதல் நூல் எனப்படும் இது, 16 பக்கங்களே கொண்ட செபப் புத்தகம். மறுஆண்டில் கொச்சியிலிருந்து, வினாவிடை வடிவில் அமைந்த விரிவான ‘கிரிசித்தியானி வணக்கம்’ வந்தது. இவை தனியே அமர்ந்து படிப்பதற்காக அச்சிடப்பட்டவை அல்ல. கணக்கப்பிள்ளை ஒருவர் உரக்கச் சொல்லி, எழுத்தறியாத நூறு பேர் திருப்பிச் சொல்வதற்காக அச்சிடப்பட்டவை. தமிழில் அச்சு நூல் பேசும் நூலாகவே பிறந்தது.

அக்காலச் செபங்களின் சொற்களில் கடல்கடந்த வாடை தெளிவாகத் தெரிகிறது. கடவுளைக் குறிக்கத் தலைவன் என்று பொருள்படும் ‘தம்பிரான்’ என்ற தமிழ்ச்சொல் ஆளப்பட்டிருக்க, சிலுவை ‘குருசு’ எனவும், தூய ஆவி ‘இஸ்பிரித்து சாந்து’ எனவும் போர்த்துக்கீசிய ஒலியிலேயே நின்றன. செபத்தின் முடிவில் ‘ஆமென்’ என்பதோடு ‘சேசு’ என்ற பெயரையும் சேர்த்துச் சொல்லும் வழக்கமும் போர்த்துக்கீசியரின் செப வழக்கை ஒட்டியது. ‘ஆமென் சேசு’ என்று முடிப்பது கத்தோலிக்கரைப் பிற கிறிஸ்தவரிடமிருந்து பிரித்துக் காட்டும் அடையாளமாகவும் நெடுங்காலம் இருந்தது.

1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலி, இவ்வயல்மொழிச் சொற்கள் உள்நாட்டு மக்களின் காதில் பரங்கியர் சமயம் என்றே விழும் என்று கண்டு, வடமொழி கலந்த உயர்வழக்கைக் கையாண்டார். எல்லாவற்றிற்கும் இறைவன் என்று பொருள்படும் ‘சருவேசுரன்’ என்ற பெயர் அவர் நூல்களால் நிலைபெற்று, கத்தோலிக்கரின் அன்றாடச் சொல்லாகவே ஆயிற்று. இக்காலத்திலும் இதனை அடுத்தும் உருவான செபப் பெயர்களில் கவனத்துக்குரியது ‘மந்திரம்’ என்ற சொல். கிறிஸ்து கற்பித்த செபம் ‘பரலோக மந்திரம்’ எனவும், மரியாளை வாழ்த்தும் செபம் முதலில் ‘பிரியதத்த மந்திரம்’ எனவும் பின்னர் ‘அருள்நிறை மந்திரம்’ எனவும், மரியாளை அரசியாக அழைத்து அடைக்கலம் தேடும் செபம் ‘கிருபை தயாபத்து மந்திரம்’ எனவும், விசுவாச அறிக்கை ‘விசுவாச மந்திரம்’ எனவும் வழங்கின. பிரியதத்தம் என்பது இறைவன் விரும்பிக் கொடுத்தது, அதாவது அருள். மந்திரம் என்ற சொல்லைத் தேர்ந்தவர்கள் அதன் ஆற்றலை அறிந்தே தேர்ந்திருக்க வேண்டும். கூறியது கூறியவாறே, எழுத்துப் பிசகாமல், நினைவிலிருந்து சொல்லப்பட வேண்டியது மந்திரம். சொல்வோர் முழுப்பொருளையும் உணராதபோதும் சொல்லுக்கே வலிமை உண்டு என்ற நம்பிக்கையைத் தமிழ் மண்ணில் அச்சொல் தன்னோடு கொண்டுவருகிறது. எழுத்தறிவு அரிதாக இருந்த ஊர்களில் ஒரு சமயத்தைக் காப்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைத்திருக்காது. செபத்தைப் பொருள் உணர்ந்து சொல்ல வேண்டும் என்று பிற்காலச் சீர்திருத்தம் வற்புறுத்தியபோது ‘மந்திரம்’ விலக்கப்பட்டு ‘செபம்’ மட்டும் நின்றது என்பதும் இதன் மறுபக்கம்.

மதுரைப் பணித்தளத்தில் ஒரு குருவானவரின் பொறுப்பில் பல பத்து ஊர்கள் இருந்தன. ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோதான் அவர் ஓர் ஊருக்கு வர முடிந்தது. மழையும் போரும் பாளையக்காரர் பகையும் குறுக்கிட்டால் அதுவும் இல்லை. எஞ்சிய நாள்களில் ஊரின் சமய வாழ்வு முழுவதும் உபதேசியார் கையில் இருந்தது. ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டிச் செபம் சொல்வித்தல், குழந்தைகளுக்கு மந்திரங்களைக் கற்பித்தல், சாகும் நிலையில் உள்ள குழந்தைகளுக்குத் திருமுழுக்களித்தல், இறந்தோரை அடக்கம் செய்தல், ஊர் வழக்குகளைத் தீர்த்தல் ஆகிய எல்லாம் அவர் கடமைகள். 1710-இல் இந்தியா வந்த வீரமாமுனிவர் இவர்களுக்கெனவே ‘வேதியர் ஒழுக்கம்’ என்ற உரைநடை நூலை எழுதினார். வேதியர் என்பது இங்கு வேதம் போதிக்கும் உபதேசியாரைக் குறிக்கிறது. ‘தேம்பாவணி’யால் புலவர் உலகில் நிலைபெற்ற அவரே, கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்கும் ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்கும் கோவில் எழுப்பி, ‘திருக்காவலூர்க் கலம்பகம்’, ‘அன்னை அழுங்கல் அந்தாதி’, ‘கித்தேரியம்மாள் அம்மானை’ ஆகியவற்றையும் பாடினார். கலம்பகம், அந்தாதி, அம்மானை ஆகியவை தமிழர் தம் தெய்வங்களையும் தலைவர்களையும் பாடிவந்த சிற்றிலக்கிய வடிவங்கள். பக்தி முயற்சி என்பது ஐரோப்பாவிலிருந்து இறக்கிவைக்கப்பட்ட ஒன்றாக மட்டும் இல்லாமல், ஊர் மக்களுக்குப் பழகிய பாட்டின் சந்தத்தில் கலந்துபோனதற்கு இந்நூல்கள் சான்று.

இந்தப் பரவலின் வட எல்லை தனியே நோக்கத்தக்கது. சீயாம் நாட்டிலிருந்து 1688-இல் வெளியேற்றப்பட்டுப் புதுச்சேரியில் குடியேறிய பிரெஞ்சு இயேசு சபையினர், 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கிருந்து வடக்கும் வடமேற்கும் நோக்கிச் சென்று ‘கர்நாடக மிஷன்’ எனப்படும் பணித்தளத்தை அமைத்தார்கள். தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் நிலப்பகுதி அது. அவர்களுடைய மடல்களில் ‘தார்க்கொலான்’ என்று வரும் ஊரை இன்றைய தக்கோலமாகக் கொள்வர். புங்கனூர் அவர்களின் தெலுங்கு நாட்டுத் தொடக்க நிலையங்களுள் ஒன்று. திருத்தணியும், கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்ற அம்மையார்குப்பமும் இருக்கும் நிலம் இவ்விரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்டது. இந்நிலம் 1911-இல் வட ஆர்க்காட்டிலிருந்து பிரிந்த சித்தூர் மாவட்டத்தோடு சென்று, ம.பொ.சிவஞானம் முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் விளைவாக 1960 ஏப்ரல் 1 அன்று தமிழகத்தோடு இணைந்தது. ஆட்சி எல்லை இவ்வாறு இடம் மாறினாலும் செபத்தின் சொற்கள் எல்லைக் கோட்டை மதிக்கவில்லை. மரியாளை வாழ்த்தும் செபத்தைத் தெலுங்குக் கத்தோலிக்கர் ‘மங்களவார்த்த ஜபம்’ என்கிறார்கள். வானதூதர் மரியாளுக்குச் செய்தி சொன்ன நாளைத் தமிழ்க் கத்தோலிக்கர் ‘மங்கள வார்த்தைத் திருநாள்’ என்றார்கள். கிறிஸ்து கற்பித்த செபம் அங்கே ‘பரலோக ஜபம்’, இங்கே ‘பரலோக மந்திரம்’. மதுரையில் உருவான சொற்கள் உபதேசியார்களின் வாய்வழியாகவும் ஓலைவழியாகவும் புதுச்சேரி வழியே வடக்கு நோக்கி நடந்து, மொழி மாறும் இடத்திலும் சொல் மாறாமல் சென்றதன் தடயங்கள் இவை.

குருவானவர் இல்லாமலே செபத்தால் மட்டும் ஒரு திருச்சபை உயிர்வாழ முடியும் என்பதை ஈழத்துத் தமிழர் வரலாறு மெய்ப்பித்தது. 1658-இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களை விலக்கி, கோவில்களைத் தம் சீர்திருத்த சபைக்கு எடுத்துக்கொண்டார்கள். 1687-இல் கூலியாள் கோலத்தில் யோசேப்பு வாஸ் அடிகளார் வந்து சேரும் வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், மூப்பர்களும் வீட்டுப் பெரியோரும் மறைவில் சொல்லிவந்த செபங்களே அம்மக்களிடம் எஞ்சியிருந்தன. வாஸ் அடிகளாரின் உடன்பணியாளராக 1705-இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் தமிழிலும் சிங்களத்திலும் செபநூல்களும் உரைநூல்களும் எழுதினார். அவர் பெயரால் வழங்கும் ‘வியாகுலப் பிரசங்கம்’ கிறிஸ்துவின் பாடுகளைக் கூறும் ஒன்பது பிரசங்கங்களின் தொகுப்பு. தவக்காலத்தில் அதை ஒப்பாரியை ஒத்த இழுகுரலில் ஒருவர் வாசிக்க, மக்கள் கேட்டு அழுவது ஈழத்திலும் தமிழகக் கடற்கரையிலும் வேரூன்றிய வழக்கம். அழுகையைச் செபமாக ஏற்றுக்கொண்டது தமிழ்க் கத்தோலிக்கத்தின் தனி இயல்பு என்றே கூறலாம். சாவு வீட்டில் ஒப்பாரி வைத்துப் பழகிய பெண்களுக்குப் பெரிய வெள்ளியின் துயரத்தை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

1773-இல் இயேசு சபை கலைக்கப்பட்டபின் புதுச்சேரிப் பணித்தளத்தை ஏற்ற பாரிசு வேதபோதக சபையினரும், 19-ஆம் நூற்றாண்டில் மதுரைக்குத் திரும்பி வந்த பிரெஞ்சு இயேசு சபையினரும் பங்கின் நாள்காட்டியையே பக்தி முயற்சிகளால் நிரப்பினார்கள். மார்ச்சு மாதம் சூசையப்பருக்கும், மே மாதம் தேவமாதாவுக்கும், சூன் மாதம் சேசுவின் திருஇருதயத்துக்கும், அக்டோபர் செபமாலைக்கும், நவம்பர் இறந்தோருக்கும் உரியவை ஆயின. ‘வணக்கமாதம்’ எனப்பட்ட நூல்கள் மாதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சிந்தனையும் ‘புதுமை’ எனப்பட்ட ஓர் அற்புதச் செய்தியும் ஒரு செபமும் கொண்டிருந்தன. வாரமும் அவ்வாறே பங்கிடப்பட்டது: செவ்வாய் பதுவை அந்தோனியாருக்கு, முதல் வெள்ளி திருஇருதயத்துக்கு, சனி மாதாவுக்கு. புதன்கிழமைச் சதா சகாய மாதா நவநாள் 20-ஆம் நூற்றாண்டின் சேர்க்கை; பம்பாயின் மாகிம் கோவிலில் 1948-இல் தொடங்கிய பின்னரே அது இந்தியாவெங்கும் பரவியது. லூர்து நகரில் 1858-இல் மாதா காட்சியளித்ததாகக் கூறப்பட்ட செய்தி இருபது ஆண்டுகளுக்குள் புதுச்சேரியை எட்டியது. வில்லியனூர்க் கோவிலுக்கு 1877-இல் லூர்து மாதா சுரூபம், அதாவது திருவுருவச் சிலை, வந்தது. அக்கோவிலின் முன் வெட்டப்பட்ட திருக்குளம், பிரெஞ்சு நாட்டு லூர்து நகரின் புனித ஊற்றைத் தமிழ்க் கோவில் மரபின் தெப்பக்குளமாக மாற்றிக்கொண்டது. பின்னர் ஏறத்தாழ ஒவ்வொரு பங்கிலும் கல்லடுக்கிய மாதா குகையான ‘கெபி’ ஒன்று எழுந்தது.

நாளும் இவ்வாறே கட்டுண்டிருந்தது. காலை, நண்பகல், மாலை என மூவேளையும் கோவில்பிள்ளை மணியடித்தபோது, வயலிலோ தறியிலோ அடுப்படியிலோ இருந்தவர்கள் கைவேலையை நிறுத்தித் ‘திரிகால செபம்’ சொன்னார்கள். கடவுள் மனிதரானதை நினைவுகூரும் இச்செபம், கடிகாரம் இல்லாத ஊர்களில் பொழுதையும் வகுத்துத் தந்தது. பிற சமயத்தாரும் கோவில் மணியைக் கொண்டே உலை வைத்தார்கள், ஆடு மாடு ஓட்டினார்கள். விளக்கு வைத்த வேளையில் வீட்டில் செபமாலை. ‘ஐம்பத்துமூன்று மணிச் செபமாலை’ என்று மக்கள் வழங்கிய அது, கிறிஸ்துவின் வாழ்வை சந்தோஷம், துக்கம், மகிமை என மூவகைத் ‘தேவ இரகசியங்களாக’ப் பகுத்துத் தியானிப்பது. மூன்றும் சேர்ந்தால் வரும் 150 அருள்நிறை மந்திரங்கள் 150 திருப்பாடல்களுக்கு ஈடு. துறவியர் இலத்தீனில் திருப்பாடல்களைப் பாட, எழுத்தறியாதோர் இதைச் சொன்னார்கள் என்பது ஐரோப்பிய மரபு. செபமாலையின் முடிவில் வருவது ‘பிரார்த்தனை’. பொதுத் தமிழில் எவ்வகை வேண்டுதலுக்கும் வழங்கும் இச்சொல், கத்தோலிக்கர் வழக்கில் ஒருவர் புகழ்ப்பெயர்களை அடுக்க, மற்றவர் ‘வேண்டிக்கொள்ளும்’ என்று மறுமொழி கூறும் ஒருவகைச் செபத்தை மட்டுமே குறித்தது. இதை எடுத்துச் சொல்பவர் பெரும்பாலும் பாட்டியாகவோ தாயாகவோ இருந்தார். கோவிலில் பெண்களுக்குப் பீடத்தின் அருகே இடமில்லாத காலத்தில், வீட்டுச் செபத்தின் தலைமை அவர்களுடையதாக இருந்தது. குழந்தைகள் மந்திரம் கற்றதும் அவர்கள் மடியில்தான்.

செபம் ஒன்றாக்கியவர்களைச் சாதி பிரித்தது என்பதையும் மறைக்காமல் கூற வேண்டும். வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த கோவில், பீடம் ஒன்றாகவும் மக்கள் அமரும் கூடம் இரண்டாகவும் பிளந்த கால்சட்டை வடிவில் கட்டப்பட்டு, இரு சாதியாரும் ஒருவரை ஒருவர் காணாமல் ஒரே பூசையைக் காண வகைசெய்தது; இடைச்சுவர் 1910-இல் இடிக்கப்பட்டபோது வழக்குமன்றம் வரை பூசல் சென்றது. சப்பரம், அதாவது சுரூபத்தை ஏற்றிச் செல்லும் தேர், எத்தெருவில் நுழையலாம் என்பதும், கொடியேற்றும் உரிமை எவருக்கு என்பதும், கல்லறையில் எவருக்கு எப்பக்கம் என்பதும் இன்றும் சில பங்குகளில் ஆறாத புண்களாக இருக்கின்றன. ஒரே மந்திரத்தை ஒரே குரலில் சொன்னவர்கள் ஒரே தெருவில் நடக்க மறுத்தது இவ்வரலாற்றின் பெருங்குறை.

பக்தி முயற்சிகளின் மற்றொரு பக்கம் கோவில் மதிலுக்கு வெளியே விரிந்தது. நேர்ச்சை என்பது இறைவனிடமோ புனிதரிடமோ ஒன்றை வேண்டி, அது கிடைத்தால் இன்னது செய்வதாகக் கொடுக்கும் வாக்கு. உப்பும் மிளகும் காணிக்கையிடுதல், மொட்டையடித்தல், காது குத்துதல், வெள்ளியில் கண் கால் உருவங்கள் செய்து வைத்தல் ஆகியவை கத்தோலிக்கத் திருத்தலங்களிலும் பிற கோவில்களிலும் பொதுவானவை. அருளானந்தர் என்று தமிழர் அழைக்கும் யோவான் தெ பிரித்தோ 1693 பிப்ரவரி 4 அன்று கொல்லப்பட்ட ஓரியூரில் செம்மண்ணை எடுத்துச் செல்வோரில் எல்லாச் சமயத்தாரும் உண்டு. ஆகஸ்டு 29 அன்று கொடியேறி செப்டம்பர் 8 அன்று நிறைவுறும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குக் காவி உடுத்திக் கால்நடையாகச் செல்லும் கூட்டத்தைக் காண்போர்க்கு, ஆடிக்கிருத்திகையில் காவடி சுமந்து திருத்தணி மலையின் 365 படிகளை ஏறுவோரின் நினைவு வருவது இயல்பு. இரண்டிலும் நடையே செபம். உடல் படும் நோவே காணிக்கை. இவ்வொற்றுமையை மூடநம்பிக்கை என்று கண்டித்த குருக்களும் உண்டு, கண்டும் காணாமல் விட்டவர்களும் உண்டு. விட்டவர்களே மக்களை நன்கு அறிந்தவர்கள் என்று கருத இடமிருக்கிறது.

1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம், பூசையில் மக்கள் மொழிக்கு வழிதிறந்தது. பக்தி முயற்சிகளைப் போற்றிய அதே சாசனம், அவை திருவழிபாட்டின் காலங்களோடு இயைந்து அமைய வேண்டும் என்றும் கூறியது. சில ஆண்டுகளில் குருவானவர் மக்களை நோக்கித் திரும்பினார், பூசை ‘திருப்பலி’ ஆயிற்று, தமிழ் பீடம் ஏறியது. நானூறு ஆண்டுக் காத்திருப்பின் நிறைவு அது. ஆனால் பீடம் தமிழானதும் தரையில் இருந்த தமிழுக்கு வேலையில்லாமல் போயிற்று. பூசைநேரச் செபங்களும் பூசையிடைச் செபமாலையும் நின்றன. உபதேசியார் எடுத்துக்கொடுக்க வேண்டிய தேவை குறைந்து, பல பங்குகளில் அப்பொறுப்பே மறைந்தது.

கூடவே சொற்களும் மாறின. தனித்தமிழ் உணர்வும், பிற கிறிஸ்தவ சபைகளோடு பொதுச்சொற்களை ஆளும் விருப்பமும், திண்டிவனத்தில் அமைந்த விவிலிய மறைக்கல்வித் திருவழிபாட்டு நடுநிலையத்தின் பணிகளும் சேர்ந்து செபமொழியைப் புதுக்கின; 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான ‘திருவிவிலியம்’ அம்மாற்றத்துக்கு நிலையான வடிவம் தந்தது. முன்னரே இஸ்பிரித்து சாந்துவின் இடத்தைப் பிடித்திருந்த பரிசுத்த ஆவி ‘தூய ஆவியார்’ ஆனார். அர்ச்சியசிஷ்டர்கள் ‘புனிதர்’ ஆனார்கள். இராயப்பர் பேதுருவாகவும், சின்னப்பர் பவுலாகவும், அருளப்பர் யோவானாகவும், சூசையப்பர் யோசேப்பாகவும் மாறினார்கள். ‘அர்ச்சியசிஷ்ட’ போன்ற சொற்களை இழந்ததில் வருத்தமில்லை. ஆனால் பவுல் என்ற இலத்தீன் பெயருக்குச் சிறியவர் என்று பொருளுணர்ந்து ‘சின்னப்பர்’ என்றும், யோவான் என்ற எபிரேயப் பெயருக்கு இறைவனின் அருள் என்று பொருளுணர்ந்து ‘அருளப்பர்’ என்றும் முன்னோர் ஆக்கிய பெயர்கள் உண்மையான தமிழாக்கங்கள்; தமிழ்ப்படுத்தும் முயற்சியின் பெயரால் அவற்றை விட்டு ஒலிபெயர்ப்புக்குத் திரும்பியது இழப்பே. செபங்களை ஐம்பது ஆண்டுகள் ஒருவிதமாகச் சொல்லிவந்த முதியோர், புதிய சொற்களோடு தொடங்கப்பட்ட செபத்தில் நடுவழியில் தடுமாறி வாய்மூடிய துன்பத்தையும் இந்தச் சீர்திருத்தத்தின் கணக்கில் எழுத வேண்டும்.

எனினும் செபம் தரையை விட்டுப் போகவில்லை, வீட்டுக்குள் திரும்பிச் சென்றது. பத்திருபது அல்லது முப்பது குடும்பங்களை ஒரு குழுவாக இணைத்து ‘அன்பியம்’ என்று பெயரிட்ட அமைப்பு, பங்குகளில் வேரூன்றியபின், மே மாதத்திலும் அக்டோபரிலும் மாதா சுரூபம் வீடுவீடாகச் செல்ல, ஒவ்வொரு மாலையும் ஒரு வீட்டில் செபமாலை சொல்லப்படுகிறது. 2002-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சேர்த்த ஒளியின் மறைபொருள்கள் என்ற நான்காம் வகைத் தேவ இரகசியங்கள் வியாழக்கிழமைக்கு உரியவையாகி, 150 என்ற பழைய எண்ணிக்கை 200 ஆனது. திருப்பாடல்களோடு இருந்த ஒப்புமை இதனால் கலைந்ததை மக்கள் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

பழைய செபமொழி இன்றும் குறைவின்றிக் கேட்கும் இடம் சாவு வீடு. இரவு முழுவதும் கிடத்தப்பட்டிருக்கும் உடலின் அருகே பெண்கள் செபமாலை தொடங்கும்போது, அச்சிட்ட புத்தகம் எவர் கையிலும் இருப்பதில்லை. உத்தரிக்கிற ஸ்தலம், அதாவது இறந்தோர் பாவக்கறை நீங்கும் வரை தங்குமிடம், அங்கே அப்பழம்பெயராலேயே அழைக்கப்படுகிறது. எடுத்துச் சொல்லும் மூதாட்டி பழைய மந்திரத்தைச் சொல்ல, மறுமொழி கூறும் பேரப்பிள்ளைகள் மறைக்கல்வி வகுப்பில் கற்ற புதிய சொற்களில் முடிக்கிறார்கள். அடிகளின் நீளம் ஒத்துப்போவதால் இரண்டும் மோதாமல் செல்கின்றன. இளையோர் ‘ஆமென்’ என்று நிறுத்தியபின் முதியோர் குரல்கள் மட்டும் ஒரு கணம் தொடர்ந்து ‘சேசு’ என்று முடிகின்றன.